சுத்த வெள்ளையா இருந்தா போதுமா? ராஜபாளையம் நாய்க்கு எது லட்சணம்?

ராஜபாளையம் குட்டி வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சுத்த வெள்ளைதானே?" என்பதுதான். உடம்பில் ஒரு புள்ளி தெரிந்தாலும் விலை இறங்கிவிடும். அடுத்து, மூக்கு ரோஸ் நிறத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். "காது நல்லா கேட்குமா?" என்று கேட்பவர்கள் குறைவு. முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உருவான ரகம் இது. காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் வளர்த்தார்கள். உயரமான கால்கள், ஆழமான நெஞ்சு, உள்ளே ஒடுங்கிய வயிறு, நீண்ட முகம், உடம்போடு ஒட்டிய குட்டை மயிர், பொன்னிறக் கண்கள். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாட்டு நாய்த் தபால்தலைகளில் ஒன்றில் இடம்பிடித்தது இந்த ராஜபாளையம்தான்.

அந்தக் காலத்தில் எந்த நாய் நல்ல நாய் என்று முடிவுசெய்தது காடு. மூச்சு வாங்கும் நாயும், பன்றியைக் கண்டு பின்வாங்கும் நாயும், எஜமான் குரல் கொடுத்தால் திரும்பாத நாயும் இனவிருத்திக்குப் போகாது. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைக்குச் சட்டக் கட்டுப்பாடு வந்தது. அது நல்லதுதான். ஆனால், நாயைச் சோதிக்கும் வேலையும் அதோடு காட்டிலிருந்து மனிதனின் கண்ணுக்குக் கைமாறியது. கண்ணுக்கு முதலில் தெரிவது நிறம்தானே!

சிக்கல் அந்த வெள்ளையிலேயே இருக்கிறது. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் செல்கள் உள்காதிலும் உண்டு. ஒலியை உணரும் நுண்ணிய செல்கள் உயிரோடு இருக்க அவை தேவை. உடம்பெங்கும் நிறச் செல்கள் இல்லாமல் போகும் நாய்க்கு, சில நேரம் உள்காதிலும் இல்லாமல் போய்விடும். பிறந்த சில வாரங்களிலேயே அந்தக் காது செவிடாகிவிடும். திரும்பக் கிடைக்காது.

டால்மேஷன் நாய்களிலும் இதே கதைதான். அமெரிக்காவில் சோதித்த டால்மேஷன்களில் சுமார் 30 சதவிகிதத்துக்கு ஒரு காதோ, இரு காதுமோ கேட்கவில்லை. பிறக்கும்போதே பெரிய கறுப்புத் திட்டோடு வரும் டால்மேஷன் குட்டிகளுக்குச் செவிட்டுத்தன்மை குறைவு. ஆனால், 'லட்சணப்படி' அந்தத் திட்டு ஒரு குறை. கண்காட்சியில் அந்தக் குட்டிக்கு இடமில்லை!

ராஜபாளையத்திலும் பழுப்பு, கறுப்பு, புள்ளி விழுந்த குட்டிகள் அவ்வப்போது பிறப்பதுண்டு. அவற்றைக் கழித்துவிடுவது பழைய வழக்கம். கழிப்பது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

வெள்ளையை விட்டுக்கொடுத்தால் எதை வேண்டுமானாலும் ராஜபாளையம் என்று விற்பார்களே என்று வளர்ப்பவர்கள் பயப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால், அந்தப் பயம் இன்னொரு பக்கமாக ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. வெளிநாட்டு ரகங்களோடு கலந்த குட்டிகளும், நிறம் வெள்ளை என்ற ஒரே காரணத்தால் ராஜபாளையமாக விலைபோகின்றன. தலை பருத்து, உதடு தொங்கி, நடை மாறிப்போன நாய்க்கும் வெள்ளை மயிர் வரும். காப்பாற்ற வேண்டியது அந்த உடல்வாகையும், ஓட்டத்தையும், கேட்கும் காதையும். நிறம் அதற்குப் பிறகுதான்.

காதுக்குத் துல்லியமான சோதனை உண்டு. 'பேயர் டெஸ்ட்' என்பார்கள். மெல்லிய கம்பிகளைத் தலையில் பொருத்தி, ஒவ்வொரு காதுக்கும் தனியாக ஒலி கொடுத்து, மூளைக்குச் செய்தி போகிறதா என்று பார்ப்பது. ஆறு வாரக் குட்டிக்கே செய்யலாம். எல்லா ஊரிலும் கிடைக்காது என்பதுதான் சங்கடம்.

குட்டி வாங்கப் போகிறவர்கள் குறைந்தபட்சம் ஒன்று செய்யலாம். குட்டியைத் தனியே பிரித்து விடுங்கள். கூட்டத்தில் இருந்தால் மற்ற குட்டிகள் ஓடுவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் ஓடிவரும். அதன் பார்வையில் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காலைத் தரையில் தட்டாதீர்கள், அதிர்வில் திரும்பிவிடும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் செய்து பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்கும் குட்டி, சத்தம் எந்தத் திசை என்று தெரியாமல் தடுமாறலாம். சில குட்டிகள் இதிலும் தப்பிவிடும். அதனால் தாய், தகப்பன் இரண்டையும் கூப்பிட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் நாய்க்குக் காது கேட்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம். கைச்சைகை பழக்கினால் நன்றாகவே புரிந்துகொள்ளும். தூங்கும்போது திடீரென்று தொடாதீர்கள், தெருவில் சங்கிலி இல்லாமல் விடாதீர்கள். எவ்வளவு அழகான வெள்ளையாக இருந்தாலும் அதை இனவிருத்திக்கு விட வேண்டாம்.