குளிசையைக் குறைக்கும்போது வயிற்றைப் பிரட்டினால்

மனச்சோர்வுக்கு எடுக்கும் குளிசையின் அளவைக் குறைத்து இரண்டு மூன்று நாளாகிறது. காலையில் ஓங்காளம், சோறு வேகும் மணம் பிடிக்கவில்லை, எழுந்தால் தலைச்சுற்று. கேஸ்ட்றிக் என்பார்கள், வெயில் என்பார்கள், இளம் பெண்ணென்றால் வேறு சந்தேகமும் எழும். குளிசை குறைந்ததுதான் காரணமாக இருக்கலாம் என்று சொல்ல வீட்டில் ஆளிருக்காது. கிளினிக் கொப்பியை அலுமாரிக்குள் ஒளித்துவைக்கும் வீடுகள் வன்னியில் இன்னும் இருக்கின்றன.

2009இல் போரின் கடைசி மாதங்களைக் கடந்து மெனிக் பாம் முகாம்களுக்குள் வந்த மக்களின் மனநிலையை, மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் ஆய்வாக வெளியிட்டார். தனி ஆளின் நோயாக மட்டும் பார்க்காமல், ஒரு சமூகமே சுமக்கும் காயமாக அவர் அதைப் பார்த்தார். அந்தக் காயத்தோடு கிளினிக்குக்குப் போய், குளிசையின் துணையோடு எழுந்து நின்றவர்கள் இருக்கிறார்கள். இனி நிறுத்தலாமா என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் தானாக, ஒரே நாளில் நிறுத்துவதுதான் ஆபத்து. 2022இல் நாட்டில் ஏற்பட்ட மருந்துத் தட்டுப்பாடு அந்த ஆபத்தை நோயாளர் கேட்காமலே கொண்டுவந்தது.

இந்தக் குளிசைகளில் பல செரட்டோனினோடு வேலை செய்பவை. உடலின் செரட்டோனினில் பெரும்பகுதி மூளையில் அல்ல, குடலில் இருக்கிறது. மருந்து சட்டென்று குறைந்தால் வயிறு முறையிடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வென்லஃபக்சின் உடலை விட்டு விரைவாகப் போய்விடும். அதைக் குறைக்கும்போது தொல்லை கூடுதல். ஃபுளுவொக்செட்டின் வாரக்கணக்கில் தங்கும், எனவே தொல்லை குறைவு, வந்தாலும் பிந்தி வரும். 2024இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த தொகுப்பாய்வு, நிறுத்துபவர்களில் ஆறேழு பேருக்கு ஒருவருக்கு மருந்து விலகுவதாலேயே இத்தகைய குறிகள் வருவதாகக் கணித்தது. நெடுநாள் எடுத்தவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடலாம்.

மருந்து விலகும் இந்தக் குறிகள் வந்தால் பழைய நோய் திரும்பியதாகாது, போதைக்கு அடிமையானதாகவும் ஆகாது. இந்த வேறுபாடு தெரியாததால்தான் பலர் பயந்து, இனி ஆயுள் முழுக்கக் குளிசைதான் என்று முடிவு கட்டுகிறார்கள். குறைத்த சில நாளில் குமட்டலும் தலைச்சுற்றுமாக வந்து, பழைய அளவுக்குத் திரும்பியதும் விரைவில் அடங்கினால் அது மருந்து விலகும் குறி. நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் வாரங்கள் கழித்து, நித்திரையும் ஆசையும் மெல்லக் கெட்டு, மனம் இருண்டு வரும்.

பாதியாக்கி, பிறகு நிறுத்துவது என்ற கணக்கு பலருக்குச் சரிவராது. அளவு சிறிதாகச் சிறிதாக ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் மூளையில் வலு கூடுகிறது. ஆகவே கடைசிப் படிகள்தான் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். குளிசையை மிச்சம் பிடிக்க ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதும் பல மருந்துகளுக்கு ஆகாது, இரத்தத்தில் அளவு ஏறி இறங்கிக் குமட்டலைக் கூட்டும். கப்சூலை உடைப்பதும் வேண்டாம்.

காலத்தையும் பார்க்க வேண்டும். மே மாதம், போர் முடிந்த முள்ளிவாய்க்காலின் நினைவு நாள்களை ஒட்டி, படி இறங்கத் தொடங்காதீர்கள். அறுவடை நெருக்கடியிலும் வேண்டாம். இதை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் ஊர் நாட்காட்டி அவருடைய மருந்துச் சீட்டில் இருக்காது.

குமட்டும் நாள்களில் வெறும் வயிற்றில் குளிசை போடாமல், இரண்டு கிராக்கர் பிஸ்கட்டோ கொஞ்சம் கஞ்சியோ உள்ளே போகட்டும். இஞ்சிப் பிளேன்டீ சிலருக்குக் கேட்கும். பொரித்ததைத் தள்ளிவையுங்கள். சத்தி எடுத்தால் ஜீவனி (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புத் தூள்) கரைத்து மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும். சிறுநீரக நோய் பரவியுள்ள வவுனியாப் பக்கத்தில், வன்னி வெயிலில், நீரிழப்பைச் சின்ன விஷயமாக விட முடியாது. ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். சத்தி நிற்பதற்கான குளிசையைப் பார்மசியில் தானாக வாங்க வேண்டாம், சில மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்து அது இதயத் துடிப்பைக் குழப்பலாம்.

பலருக்கு இந்தக் குறிகள் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். அடங்காவிட்டால், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் போய், முந்திய அளவுக்குத் திரும்பி இன்னும் மெதுவாக இறங்கலாமா என்று கேளுங்கள். தண்ணீர்கூடத் தங்கவில்லை, சலம் குறைகிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸ். உயிரை மாய்க்கும் எண்ணம் எட்டிப் பார்த்தால் இரவென்றும் பாராமல் மனநல உதவி எண்ணான 1926க்கு எடுங்கள், அருகில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.