சுமந்த தாயைச் சுமக்கும் வண்டி! பின் சீட்டில் ஆள் ஏறினால் ‘ஷாக்’ தாங்குமா?

கொடைரோடு ரெயில் நிலைய வாசலில் இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்.

ரெயிலை விட்டு ஒரு அம்மாள் இறங்கி வருகிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கையில் ஒரு மஞ்சள் பை. வாசலில் மகன் காத்திருக்கிறார். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிப் போனவர். பின்பக்கம் இரு புறமும் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டரில் உட்கார்ந்திருக்கிறார்.

“ஏறிக்க ஆத்தா!”

“நான் ஆட்டோவுல வந்துர்றேன் ராசா. ஒன் வண்டி தூக்கித் தூக்கிப் போடுது. இடுப்பு கழண்டுரும்!”

மகனின் முகம் வாடிவிடுகிறது. நடக்க முடியாத பிள்ளையை இதே இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்தவர் அந்தத் தாய். இன்று மகனுக்கு வண்டி இருக்கிறது. தாயை ஏற்றிச் செல்ல வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. குறுக்கே நிற்பது ஒரு சாண் நீளமுள்ள ‘ஸ்பிரிங்’!

கொடைரோட்டில் மட்டும் அல்ல, தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் இந்த வண்டியைக் காணலாம். இரு கால்களும் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு, இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை அரசே இலவசமாக வழங்கி வருகிறது. சொந்தப் பணத்தில் பூட்டிக் கொள்பவர்களும் உண்டு.

இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் கடைசியாக ஒரு குழந்தையைத் தாக்கியது 2011 ஜனவரியில். 2014 மார்ச் 27-ந் தேதி நாடு போலியோ இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் கிடைத்தது. நோய் போய்விட்டது. ஆனால் அதில் சிக்கிய தலைமுறை நடுத்தர வயதில் நம்மோடு இருக்கிறது. அவர்களைத் தூக்கி வளர்த்த தாய்மார்களுக்கு வயதாகிவிட்டது. ஆகவே இது ஒரு வீட்டுக் கதை அல்ல.

எத்தனை சக்கரம்?

ஊரில் இதற்குப் பெயர் “மூணு சக்கர வண்டி”. குனிந்து எண்ணிப் பார்த்தால் பெரும்பாலான வண்டிகளில் நாலு இருக்கும்! முன்னால் ஒன்று. பின்னால் கம்பெனி கொடுத்த சக்கரம் ஒன்று. அதன் இரு பக்கமும் புதிதாகப் பூட்டியது இரண்டு.

சங்கடம் இங்கேதான் ஆரம்பம். கம்பெனி ஸ்கூட்டரைச் செய்தபோது ஒரு கணக்குப் போட்டது. வண்டியின் எடை இவ்வளவு, ஓட்டுபவர் ஒருவர், பின்னால் ஒருவர். அதற்கு ஏற்ற ‘ஷாக் அப்சர்வர்’ ஒன்றை நடுச் சக்கரத்துக்கு வைத்தது. இரும்புச் சட்டமும் இரண்டு சக்கரங்களும் அந்தக் கணக்கில் இல்லை. அவற்றின் எடை, ஆளுக்கு என்று ஒதுக்கிய எடையில்தான் கழிகிறது. வண்டி தாங்கும் மொத்த எடை எவ்வளவு என்று ‘ஆர்.சி.’யில் இருக்கிறது. பின்னால் ஆள் ஏற்றுவதற்கு முன் அதை ஒரு தடவை படித்துவிடுவது நல்லது.

குலுக்கல் எங்கிருந்து வருகிறது?

பக்கச் சக்கரம் பூட்டுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஒவ்வொரு பக்கச் சக்கரத்துக்கும் தனி ஸ்பிரிங் இருக்கும். இன்னொன்றில் சட்டத்தை வண்டியோடு ‘போல்ட்’ போட்டு இறுக்கிவிடுவார்கள். ஸ்பிரிங் கிடையாது.

இரண்டாவது வகையில் பின்னால் ஆள் ஏறினால் என்ன நடக்கும்? சாதாரண ஸ்கூட்டராக இருந்தால் ஷாக் அமுங்கி வண்டி சற்றுக் கீழே இறங்கும். இங்கே இறங்க முடியாது. பக்கச் சக்கரங்கள் முட்டுக் கொடுத்து நிற்கின்றன. ஏறிய எடை நேராக இரும்புச் சட்டத்தில் விழுகிறது. பள்ளத்தில் ஒரு சக்கரம் விழுந்தால் அந்த அடி ஸ்பிரிங்கைத் தொடாமலே சட்டத்துக்கு, சட்டத்தில் இருந்து சீட்டுக்கு, சீட்டில் இருந்து முதுகெலும்புக்குப் போய்ச் சேருகிறது.

போதாக்குறைக்கு, பின் சீட்டு இருப்பது பின் சக்கரங்களுக்கு நேர் மேலே. ஓட்டுபவர் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பாதிக் குலுக்கல். பின்னால் இருப்பவருக்கு முழுக் குலுக்கல்! “எனக்கு ஒண்ணும் தெரியலையே ஆத்தா” என்று மகன் சொல்வதும் உண்மை. “இடுப்பு போச்சு” என்று தாய் சொல்வதும் உண்மை. எலும்பு மெலிந்த வயதில் ஒரு பலத்த குலுக்கலே முதுகெலும்பைக் காயப்படுத்திவிடும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எஞ்சின் இழுப்பது நடுச் சக்கரத்தை. பின் பிரேக் பிடிப்பதும் நடுச் சக்கரத்தை. எடையைப் பக்கச் சக்கரங்கள் வாங்கிக் கொண்டால் நடுச் சக்கரத்துக்கு ரோட்டில் பிடிமானம் குறையும். மழை ஈரத்தில் சுற்றிய இடத்திலேயே சுற்றும். பிரேக் போட்டால் வழுக்கும்.

ஆட்டோ மட்டும் எப்படி?

“ஆட்டோவும் மூணு சக்கரம்தானே?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி!

இத்தாலியில் ‘வெஸ்பா’ ஸ்கூட்டர் 1946-ல் வந்தது. அதே ‘பியாஜியோ’ கம்பெனி 1948-ல் ‘ஆப்பே’ என்ற மூன்று சக்கர வண்டியைக் கொண்டு வந்தது. நம் ஊர் ஆட்டோ அந்த வம்சம். பிறக்கும்போதே பாரம் ஏற்றப் பிறந்த வண்டி. பின்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்பிரிங், தனித்தனி பிரேக்.

டெல்லியில் வேறு கதை. இரண்டாம் உலகப் போர் முடிந்து பட்டாளம் விட்டுப்போன ‘ஹார்லி டேவிட்சன்’ மோட்டார் சைக்கிள்களின் பின்பாதியைக் கழற்றி, பெட்டி கட்டி, ஆட்களை ஏற்றினார்கள். ‘பட்பட்டியா’ என்று பெயர். புகை அதிகம் என்று 1998-ல் அவற்றை நிறுத்திவிட்டார்கள். அதிலும் பின்பாதியை ஆள் ஏற்றுவதற்காகவே புதிதாகச் செய்தார்கள். ஒரு ஆளுக்கு வைத்த ஸ்பிரிங்கை நம்பி ஓட்டவில்லை.

என்ன செய்யலாம்?

மகன் ஆசையை விட வேண்டியது இல்லை. சில காரியங்களைச் செய்தால் போதும்.

முதலில் சட்டம். வண்டியில் செய்த மாற்றம் ஆர்.சி.யில் பதிவாகி இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இதைச் சொல்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நடந்த அன்றைக்குப் பேச்சு வளரும். ஹெல்மெட்டும் இருவருக்கும் உண்டு. ஆத்தாவின் கொண்டை அதற்கு விலக்கு அல்ல!

அடுத்து ஒர்க்ஷாப். பக்கச் சக்கரத்துக்குத் தனி ஸ்பிரிங் இல்லை என்றால், அது உள்ள சட்டத்துக்கு மாறுவதுதான் சரியான வைத்தியம். கம்பெனி ஷாக்கில் எண்ணெய் கசிகிறதா பாருங்கள். பின்பக்கத்தை ஓங்கி அமுக்கிக் கையை எடுங்கள். ஒரு தடவை எழும்பி நின்றால் ஷாக் உயிரோடு இருக்கிறது. ஊஞ்சல் மாதிரி ஆடிக் கொண்டிருந்தால் மாற்ற வேண்டியதுதான். வெல்டிங் போட்ட இடங்களில் விரிசல் இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும்.

சில ஷாக்குகளில் திருகி ஏற்றும் படிகள் இருக்கும். பின்னால் ஆள் ஏறும்போது ஒரு படி ஏற்றலாம். அது வண்டியின் உயரத்தைத் தூக்கிக் கொடுக்கும். ஸ்பிரிங்கின் பலத்தைக் கூட்டாது. “படி ஏத்தியாச்சு, இனி ரெண்டு மூட்டை போடலாம்” என்று நினைப்பது தப்புக் கணக்கு. டயர் காற்றும் ஒருவருக்கு ஒரு அளவு, இருவருக்கு ஒரு அளவு. வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது.

ஓட்டும் விதமும் முக்கியம். சாதாரண இரு சக்கர வண்டி வளைவில் சாயும். இது சாயாது. வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் எழும்பிவிடும். திருப்பும்போதே முன் பிரேக்கையும் பிடித்தால் கவிழ்ந்துவிடும். நிலக்கோட்டை, வத்தலக்குண்டு ரோட்டு வளைவுகளில் வேகத்தை முன்கூட்டியே குறைத்துவிட வேண்டும். வேகத்தடையை நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். ஓரமாக ஒதுங்கி ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றினால் வண்டி முறுக்கிக் கொள்ளும்.

பின்னால் இருப்பவர் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்தால் அந்தப் பக்கச் சக்கரத்தில் எடை கூடுதலாக விழும். புடவைதான், சிரமம்தான். ஆனாலும் இருபுறமும் கால் வைத்து, ஓட்டுபவரை ஒட்டி முன்னால் உட்காருவதே நல்லது. முதுகுக்கு ஒரு சாய்மானம் இருந்தால் இன்னும் நல்லது. மஞ்சள் பை பின்னால் தொங்கக் கூடாது. முன்னால், காலடியில் போகட்டும்.

கொடைக்கானலுக்கு இங்கிருந்து மலைப்பாதையில் சுமார் 80 கிலோமீட்டர். அதற்குப் பஸ் இருக்கிறது, கார் இருக்கிறது. அந்த மகன் கேட்பது அதுவல்ல. ஸ்டேஷனில் இருந்து வீடு வரை!

இத்தனையும் செய்த பிறகு ஒரு நாள் அந்தத் தாய் ஏறி உட்காருகிறார் என்று வைத்துக் கொள்வோம். வேகத்தடை வருகிறது. வண்டி மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிறது.

“என்ன ஆத்தா, இடுப்பு இருக்கா?”

“இருக்கு சாமி. ரோட்டைப் பாத்து ஓட்டு!”