பழைய ஸ்பெக்ட்ரம் அனலைசர் வாங்கும் முன்

ஹாம் ரேடியோ வேலைக்குப் பழைய ஹெச்பி 8591ஈ மாதிரி ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசர் வாங்கப் போறீங்களா? திரை எரியுதுன்னு மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுத்துடாதீங்க. இதுல முதல்ல அடிவாங்குறது இன்புட் பக்கம் இருக்கிற அட்டெனுவேட்டரும் மிக்ஸரும்தான்.

சோதிக்கிறது சுலபம். முன்பக்கத்துல இருக்கிற கால் அவுட்டை ஒரு கேபிள் போட்டு இன்புட்ல மாட்டுங்க. 300 மெகாஹெர்ட்ஸ்ல மைனஸ் 20 டிபிஎம் காட்டணும். அப்புறம் அட்டெனுவேஷனை 10, 20, 30ன்னு ஏத்துங்க. சிக்னல் உயரம் மாறக் கூடாது. அடியில இருக்கிற இரைச்சல் மட்டும் படிக்கு 10 டெசிபெல் ஏறணும். சிக்னல் ரொம்பக் குறைவா வந்தா, யாரோ டிரான்ஸ்மிட்டரை நேரா மாட்டியிருக்கலாம்.

வாங்கின பிறகு நீங்களும் அதைச் செஞ்சிடாதீங்க. இன்புட் தாங்குறது 1 வாட்; சாதாரண கையடக்க ரேடியோவே 5 வாட் விடும். அந்த 5 வாட்டைத் தாங்குற 40 டெசிபெல் அட்டெனுவேட்டர் நடுவுல கட்டாயம் வேணும்.