சீன அரசவையில் ஒலித்த சங்கு

சீனாவின் சூய் (581–618), தாங் (618–907) அரசவைகளில் வாசித்த இசைக்குழுக்களுள் ஒன்று இந்திய இசைக்குரியது. சீனர் அதை ‘தியான்சூ’ இசை என்றனர். 4ஆம் நூற்றாண்டில் லியாங்சோ வழியாக அது சீனாவுக்குள் நுழைந்தது.

சூய் வம்ச வரலாற்று நூலின்படி இக்குழுவில் 12 கலைஞர்கள், 9 வகைக் கருவிகள். குழல், தாளம், முரசு, சங்கு ஆகியவற்றோடு பறவைத் தலை செதுக்கிய ‘கொங்ஹோ’வும் உண்டு. வில்லாக வளைந்த இந்த நரம்புக்கருவி நம் வில்யாழின் இனம்.

தாங் காலத்தில் குழுவுடன் ஆடியவர் இருவர். பின்னிய கூந்தல், விடியல் நிறத்தில் துறவியர் மேலாடை, காலில் பச்சைச் சணல் செருப்பு என அவர்கள் கோலத்தையும் சீனர் எழுதிவைத்துள்ளனர்.

அக்காலத்தில் தமிழகத்துக்கும் சீனாவுக்கும் இடையே தொடர்பும் இருந்தது. 7ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி யுவான் சுவாங் தம் நூலில் காஞ்சிபுரத்தை விவரித்துள்ளார். 720இல் பல்லவ மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மனின் தூதர்கள் தாங் அரசவைக்குச் சென்றனர்.

தமிழகத்தில் யாழும் சீனாவில் வளைந்த கொங்ஹோவும் பின்னாளில் வழக்கொழிந்தன. அவற்றின் உறவான ‘சாங்’ என்னும் வளைந்த யாழ், மியான்மரில் இன்றும் வாசிக்கப்படுகிறது.