பாலன் குடிலும் வீட்டுப் பூனையும்

மாத்தளை மாவட்டத்து வஹகோட்டை, புனித அந்தோனியார் திருத்தலத்தால் பெயர்பெற்ற ஊர். நத்தார் நெருங்கியதும் இத்தகைய கத்தோலிக்க ஊர்களில் பரணிலிருந்து பெட்டிகள் இறங்கும். பாட்டன் காலத்து உருவங்கள் பாலன் குடிலில் இடம்பெறும்.

1223-இல் இத்தாலியின் கிரேச்சோவில் அசிசியின் புனித பிரான்சிஸ் குடில் அமைத்தபோது, உயிருள்ள எருதையும் கழுதையையும் அங்கு நிறுத்தினார். நம் இல்லங்களிலோ அழையாமலே வந்து சேர்வது பூனை!

வைக்கோல் மெத்தென்றிருப்பதால் பூனை அதில் படுத்துக்கொள்ளும். நாய்க்குட்டி மரப்பொம்மையைக் கடிக்கும். ஆகவே, சகோதரிகளே, குடிலைச் சுவரோரமாக, ஆட்டங்காணாத மேசைமீது அமையுங்கள். உயரம் மட்டும் போதாது, பூனை தாவும். உருவங்களின் அடியில் சிறிது தேன்மெழுகு ஒட்டினால் எளிதில் சாயமாட்டா. மிகப் பழையவற்றைக் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டி, குடிலில் புதியவற்றை வைப்பது உத்தமம்.

மினுமினுக்கும் சரிகை இழைகள் வேண்டா. பூனை விழுங்கினால் குடலிற் சிக்கி உயிருக்கே ஆபத்தாகும். பாரிஸ் சாந்து உருவங்களை நீரிற் கழுவாதீர்கள். அவை நீரை உறிஞ்சிக் கெடும். உடைந்தால் சிறு துண்டையும் எறியாமல் சேர்த்து வையுங்கள். கைதேர்ந்தவர் ஒட்டித் தருவார்.

பூனையை அடித்துப் பயனில்லை. பிராணிகளுக்கும் இடந்தந்த குடிலன்றோ அது!