வாடை பிறக்கும் வேளை

ஐப்பசி பிறந்ததும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் காற்று முகம் மாறுகிறது. வைகாசி முதலாகப் புழுதியை வாரி இறைத்து வந்த சோளகம் தளர்கிறது. சில நாள் இலையும் அசையாத புழுக்கம் நிலவுகிறது. பிற்பகல்களில் இடியும் மின்னலுமாக மழை பொழிகிறது. பின்னர் ஒருநாள் வடகிழக்கினின்று குளிர்ந்த காற்று வீசக் காண்கிறோம். அதுவே வாடை. இம்மாற்றம் ஏன் நிகழ்கிறது, நாள்தோறும் வானொலி கூறும் வானிலை முன்னறிவிப்பை இக்காலத்தில் நாம் எவ்வாறு பயன்கொள்வது என்பன பற்றிச் சிறிது ஆராய்வோம்.

புவியியல் கற்கும் மாணவர்கள் 'குளிர்முகம்' என்ற சொல்லைப் பாடத்திற் படித்துவிட்டு, வாடையும் அதுதானோ என்று வினவுவதுண்டு. வினா நல்லதே. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இலையுதிர் காலத்தில் துருவப் பக்கத்துக் கடுங்குளிர்க் காற்று பெருந்திரளாகத் தெற்கு நோக்கிப் பெயர்கிறது. அது வெப்பக் காற்றின் அடியில் ஆப்புப்போல் நுழைந்து அதனை மேலே தள்ளுகிறது. இரு காற்றுத் திரள்களும் சந்திக்கும் எல்லையே குளிர்முகம். அது கடந்து சென்ற சில மணி நேரத்துள் வெப்பநிலை பத்துப் பாகைக்கு மேலும் வீழ்வதுண்டு.

பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்துப் பாகைக்குள் அமைந்த நம் குடாநாட்டுக்கு அத்தகைய குளிர்முகம் வருவதில்லை. சூரியன் தெற்கே சாய, ஆசியப் பெருநிலம் குளிர்ந்து, அங்கே காற்றமுக்கம் உயர்கிறது. உயர் அமுக்கத்தினின்று தாழ் அமுக்கத்தை நோக்கிக் காற்று விரைதல் இயற்கை. வடக்கின் கடுங்குளிரை இமயமலை தடுத்துவிட, வங்காள விரிகுடாவின் மேலாக வரும் காற்று அக்கடலின் ஈரத்தை முகந்துகொண்டு நம் கரையை அடைகிறது. மார்கழி, தை இரவுகளிலும் இங்கே வெப்பநிலை 22 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கும். ஈரமும் காற்றும் சேர்ந்து உடலின் வெப்பத்தைக் கவர்வதனாலேயே நாம் போர்வையைத் தேடுகிறோம்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் முன்னறிவிப்பிலே அடிக்கடி கேட்கும் சொல் 'தாழமுக்கம்' என்பது. வெப்பமுற்ற விரிகுடாவின்மேல் ஓரிடத்தில் அமுக்கம் குறைய, சூழவுள்ள காற்று அதனை நோக்கிச் சுழன்று செல்கிறது. பூமியின் சுழற்சியால் அச்சுழல் வட அரைக்கோளத்திற் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அமையும். பைஸ் பலோட் என்னும் ஒல்லாந்த அறிஞர் 1857 ஆம் ஆண்டில் இதனை ஓர் எளிய விதியாக வகுத்தார். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். தாழமுக்கம் ஏறக்குறைய உங்கள் இடக்கைப் பக்கத்தில் இருக்கும். ஆகவே வடகிழக்கிலிருந்து வரவேண்டிய வாடை வடக்கிலிருந்து பலத்து வீசுமாயின், நமக்குக் கிழக்கே கடலில் ஏதோ உருவாகிறது என ஐயுறலாம். வடமராட்சிக் கரையினின்று கடலுக்குச் செல்வோர் இக்குறியோடு முன்னறிவிப்பையும் ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும். வானம் தெளிந்திருப்பினும், கடலுக்குச் செல்ல வேண்டாம் என அறிவித்தல் வந்தால் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவைத்தலே அறிவுடைமை.

அறிவித்தலை அலட்சியம் செய்தல் தகாது என்பதற்கு வரலாறே சான்று. 1964 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் இலங்கையின் வடபகுதியைக் கடந்த சூறாவளி, அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. தலைமன்னாரிற் கப்பலேறியோர் சென்று இறங்கிய அத்துறை மீண்டும் எழவேயில்லை. காற்றின் வேகம் ஒன்றே அளவுகோலும் அன்று. 2008 நவம்பரில் 'நிஷா' குடாநாட்டை வெள்ளக்காடாக்கியது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' மலைநாட்டில் பெரும் மண்சரிவுகளை விளைத்தது. இரண்டிலும் பெருங்கேடு செய்தது நீடித்த மழையே. 2022 டிசம்பரில் 'மாண்டஸ்' புயல் தமிழ்நாட்டுக் கரையை நோக்கிச் சென்றபோதோ, வழமைக்கு மாறான குளிர் வடக்கு, கிழக்கு மாகாணங்களிற் பரவி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மாண்டன. திறந்த வெளியில் மழையில் நனைந்து குளிர்காற்றில் நிற்கும் வாயில்லாச் சீவனுக்கு நான்கு கம்பும் சில கிடுகும் கொண்ட கொட்டில் உயிர்காக்கும் அரணாகும்.

இத்தனை அச்சத்தையும் கொண்டுவரும் வாடையை நாம் ஏன் வரவேற்கிறோம்? குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடி அராலிப் பக்கத்திற் கடலைச் சேர்கிறது. ஆண்டு முழுவதும் பெய்யும் ஏறத்தாழ 1,300 மில்லிமீற்றர் மழையில், சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களிலே கிடைத்துவிடுகிறது. மழையை நம்பிப் புழுதியில் விதைத்த காலபோக நெல்லும், மழை ஓய்ந்தபின் நடும் வெங்காயமும் புகையிலையும், கோடையில் நாம் அருந்தும் கிணற்று நீரும் ஆகிய யாவும் இம்மூன்று மாதங்களின் கொடையே.

அக்கொடை தங்குமிடம் நம் காலடியில் உள்ள சுண்ணாம்புக்கல். அதன் துளைகளிலும் வெடிப்புகளிலும் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது. உவர்நீர் பாரம் மிகுந்தது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இதனைத் திருப்பிப் பாருங்கள். அளவுக்கு மீறி இறைத்து நீர்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், கீழிருந்து உவர்நீர் நாளடைவில் நாற்பது அடி மேலெழ இடமுண்டாகும். ஒரு முறை உவரான கிணற்றை மீட்பது எளிதன்று.

ஆதலின், 'வடபகுதியிற் கனத்த மழை பெய்யக்கூடும்' என்று வானொலி கூறும்போது, குடையை மட்டும் எடுத்துவைத்தாற் போதாது. ஊர்க் குளத்தின் வரத்து வாய்க்காலில் குப்பை அடைத்திருக்கிறதா? தூர்ந்த கேணியை நிரவி யாரேனும் மதில் எழுப்பியிருக்கிறார்களா? வளவில் விழும் நீர் சீமெந்துத் தரைமேல் ஓடித் தெருவுக்குப் போகிறதா, மண்ணுக்குள் இறங்குகிறதா? அடைபட்ட வாய்க்கால் மாரியில் வீட்டுக்குள் வெள்ளத்தைக் கொணர்கிறது. அதே வாய்க்கால் கோடையிற் கிணற்றை வறளச் செய்கிறது. இரு துன்பத்துக்கும் காரணம் ஒன்றே.

குளங்களை வெட்டிய நம் முன்னோர்க்கு வானிலைப் படமும் செய்மதியும் இருந்ததில்லை. எனினும் வாடை கொணரும் நீரைத் தடுத்து நிறுத்தி நிலத்துக்குள் இறக்க அவர்கள் அறிந்திருந்தனர். நமக்கோ மழை வருமுன்பே செய்தி வருகிறது. அச்செய்திக்கும் மழைக்கும் இடையே கிடைக்கும் ஓரிரு நாளில் மண்வெட்டியை எடுத்து வாய்க்காலைத் திருத்துவோமாயின், பங்குனி வெயிலில் நம் பிள்ளைகள் நல்ல நீர் அருந்துவர்.