கோணிப்பைக்குள் ஒரு மேசை

புதிதாகத் தளம் போட்ட வீடுகளின் கொல்லைப்புறத்தை எட்டிப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு கோணிப்பை தென்படும். உள்ளே, வேலை முடிந்து எஞ்சிய டைல்கள் கிடக்கும். “பின்னால் ஒன்று உடைந்தால் உதவும், எடுத்து வையுங்கள் அம்மா” என்று கொத்தனார் சொல்லிவிட்டுப் போயிருப்பார். டைல் உடைவதில்லை, கோணிதான் மக்குகிறது. நம் வீட்டிலும் அப்படியொரு மூட்டை நான்கு ஆண்டுகள் கிடந்தது.

அத்துண்டுகளைக் கொண்டு மேசைக்கு அழகியதொரு மேற்பரப்பு அமைக்கலாம். மொசைக் என்றவுடன் நம்மவர்க்கு நினைவு வருவது, சிமெண்டில் சலவைக்கல் சில்லுகளைக் கலந்திட்டு எந்திரத்தால் தேய்த்து மெருகேற்றிய தரையே. நாம் சொல்ல வருவது அதுவன்று. சிறு துண்டுகளை ஒன்றையடுத்து ஒன்றாகப் பதிக்கும் பழங்கலை. வெயிலின் வெம்மையைத் தணிக்க மொட்டை மாடியில் வெண்ணிற ஓட்டுச் சில்லுகளைப் பதிக்கிறோமே, அதன் உடன்பிறப்பு.

இக்கலையில் பெரும்புகழ் ஈட்டியவர் ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனா நகரின் கட்டடக் கலைஞர் அந்தோனி கௌதி (1852–1926). 1900க்கும் 1914க்கும் இடையே அவர் அமைத்த குவெல் பூங்காவில், பாம்பென நெளிந்து செல்லும் நீண்ட இருக்கை உடைந்த ஓட்டுத் துண்டுகளால் போர்த்தப்பட்டிருக்கிறது. அந்த வண்ணக் கோலத்தில் பெரும்பங்கு அவருடைய உதவியாளர் ஜுசெப் மரியா ஜுஜோலுக்கு உண்டு. உடைத்ததற்குக் காரணம் எளியது: முழு ஓடு வளையாது; வளைந்த பரப்பைச் சிறு துண்டுகளே மூட வல்லவை. திருக்குடும்பப் பேராலயப் பணிக்கே தம் வாழ்வின் பெரும்பகுதியை ஈந்த இவரை, 2025 ஏப்ரலில் திருத்தந்தை பிரான்சிஸ் ‘வணக்கத்துக்குரியவர்’ என அறிவித்ததை வாசகர் அறிந்திருக்கக்கூடும்.

ஆனால் சுவரிலும் மாடியிலும் ஒரு துண்டு சற்றே உயர்ந்து நின்றால் எவரும் கேட்கப் போவதில்லை. மேசையில் தம்ளர் நிற்க வேண்டும். தொல்லை அனைத்தும் இதிலிருந்தே பிறக்கிறது.

நம் முதல் முயற்சி பாழாய்ப் போன கதையையும் மறைப்பதற்கில்லை. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்த மலிவான பலகை ஒன்றின்மேல் வெறும் சிமெண்டைப் பூசித் துண்டுகளைப் பதித்தோம். நடுவில், அம்மா தம் திருமணத்தின்போது கொண்டுவந்த நீலப்பூப் பீங்கான் தட்டு, கைதவறி உடைந்து பல்லாண்டுகளாகப் பரணில் இருந்ததை, மலர் வடிவில் அமைத்தோம். பார்த்தவர் பாராட்டினர். ஐப்பசி மழை வந்தது. பலகை, தேநீரில் ஊறிய ரஸ்க்கைப் போல உப்பிற்று. துண்டுகள் பெயர்ந்து திண்ணையில் விழுந்தன. நீலப்பூத் துண்டுகளில் ஏழே மிஞ்சின. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஏழையும் கழுவித் துடைத்துத் திரும்பப் பரணில் வைத்தார்கள்.

ஆகவே முதலில் பலகையைக் கவனியுங்கள். நீரில் கெடாத வகைப் ப்ளைவுட், முக்கால் அங்குலக் கனம் உள்ளது, ஏற்றது. இரண்டடிச் சதுர மேசைக்கு டைல் மட்டுமே ஆறேழு கிலோ ஏறும். கால்கள் அதைத் தாங்க வேண்டும். மரத்தில் சிமெண்டுக் கலவை நன்கு பற்றாது. ப்ளைவுட்டுக்கும் ஏற்றது என்று உறையிலேயே குறித்திருக்கும் டைல் ஒட்டும் பசையைக் கடையில் கேட்டு வாங்குவதே நலம்.

டைலைப் பழைய சாக்குத் துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டுங்கள். கண்ணாடி அணியாமல் இதைச் செய்யலாகாது. ஒரு சில்லு துணிக்கிழிசல் வழியே தெறித்து நம் புருவத்தைக் கீறியது, விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். சுவர் டைல் எளிதில் உடையும். தரைக்கான விட்ரிபைடு டைல் மிகக் கடினமானது, கனமும் கூடியது. இரண்டையும் கலந்தால் மட்டம் வராது. பீங்கான் தட்டு இவற்றினும் மெல்லியது. அதன் தட்டையான நடுப்பகுதியை மட்டும் எடுத்து, அடியில் பசையைச் சற்று அதிகமாக இட்டு உயர்த்த வேண்டும்.

துண்டுகளை முதலில் பசையின்றிப் பரப்பிப் பாருங்கள். ஓர் இரவு அப்படியே விட்டுக் காலையில் பார்த்தால் பிழைகள் தாமே புலப்படும். டைலின் இயற்கையான, மழுங்கிய விளிம்பு மேசையின் ஓரத்தை நோக்கியிருக்கட்டும். உடைந்த கூர்முனை உள்ளே அடங்கட்டும். இல்லையேல் சேலையைக் கிழிக்கும். நெல்மணி நுழையும் அளவு இடைவெளி போதும். பதித்தவுடன் ஒரு நேரான மரக்கட்டையால் மெல்ல அழுத்தி மட்டம் பார்த்து, ஒரு நாள் உலரவிடுங்கள்.

பிறகு இடைவெளிகளை நிரப்பும் கிரௌட். இட்லி மாவினும் கெட்டியாகக் கரைத்து, கையுறை அணிந்து, இடுக்குகளில் அழுந்தத் தேயுங்கள். கால் மணி நேரம் சென்றபின், நன்கு பிழிந்த ஈரப்பஞ்சால் துடைக்க வேண்டும். தண்ணீர் சொட்டினால் நிரப்பியதெல்லாம் கரைந்து வந்துவிடும். பஞ்சை அலசிய நீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். குழாய்க்குள் இறுகி அடைத்துக்கொள்ளும். வெள்ளை நிறக் கிரௌட் கண்ணைக் கவரும்தான். ஆயினும் மஞ்சள் சிந்தும் வீடுகளுக்குச் சாம்பல் நிறமே உகந்தது. புளியும் எலுமிச்சையும் சிமெண்டை அரிக்கும். ரசம் சிந்தினால் உடனே துடையுங்கள்.

இரண்டாவது மேசை இரு மழைக்காலங்களைக் கடந்துவிட்டது. நடுவில் அந்த ஏழு நீலத் துண்டுகள். இம்முறை அவற்றைப் பரணிலிருந்து எடுத்துத் தந்தவர் அம்மாவே. ஒரு மூலையில் மட்டும் ஒரு துண்டு நூலளவு உயர்ந்து நிற்கிறது. அங்கே தம்ளர் வைத்தால் ஆடும். பூச்சட்டி ஒன்றை வைத்திருக்கிறோம்.